இரண்டாவது கண்ணாடி

எனக்குத் தலைவலி என்பது தெருவுக்கே தெரியும். ரயில் சத்தத்தால் வந்த தலைவலி என்று நானே சொல்லிக்கொண்டு திரிந்தேன். அது பொய்.

செங்கல்பட்டில் ஸ்டேஷனுக்கு எதிர்த் தெருவில் எங்கள் வாடகை வீடு. வெள்ளைக்கார ரயில்வே இஞ்சினியர் ஒருவன் தனக்கென்று கட்டிக்கொண்டது. ஆள் உயரத்துக்கு மேலே போகும் ஜன்னல்கள், அவற்றின் தலையில் அரைவட்டமாகச் சிவப்பும் பச்சையும் கலந்த கண்ணாடி. பார்க்க அழகுதான். ஆனால் சட்டமெல்லாம் வற்றிப்போய் இடுக்கு விட்டிருந்தது. சரக்கு வண்டிப் பெட்டிகளை ஒன்றோடொன்று கோக்கும்போது என் அலமாரியில் பீங்கான் தட்டுகள் ஆடும். போதாததற்குத் தெருவில் பஸ் ஹாரனும் ஜட்காக்காரர்கள் சண்டையும்.

அதெல்லாம் இரண்டே மாதத்தில் பழகிவிட்டது. பழகாதது ஒன்றுதான். ஒவ்வொரு வண்டி வந்து நிற்கும்போதும் என் தம்பி அமீர் அதிலிருந்து இறங்கி வருவான் என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒரு நாளைக்கு எத்தனை வண்டி! அத்தனை தடவையும் நெஞ்சு எழுந்து உட்காரும், பிறகு படுத்துக்கொள்ளும். எட்டு வருஷம் இப்படி இருந்தால் யாருக்குத்தான் தலை வலிக்காது?

அமீரோடு நான் பேசாமல் போனது எங்கள் தாய்வீடு இருக்கும் கடப்பாக்கத்தில். எங்கள் உம்மா படுக்கையில் கிடந்தபோது, பினாங்குக்குக் கப்பலேற அனுமதிச் சீட்டு வாங்கவென்று அவன் மதராஸ் போனான். உம்மா மௌத்தாகி அடக்கம் முடிந்த மறுநாள்தான் திரும்பி வந்தான். அவனுக்குத் தந்தி போய்ச் சேரவில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். நான் கேட்கவில்லை. "உன் சலாமுக்கு இனிமே என் வாயில பதில் கிடையாது" என்று ஜனங்கள் மத்தியில் சொல்லிவிட்டேன்.

எங்களில் ஒரு வழக்கம் உண்டு. எந்த வீட்டுக்குப் போனாலும் வெளியே நின்று சலாம் சொல்ல வேண்டும். பதில் வந்தால் உள்ளே போகலாம். மூன்று முறை சொல்லியும் பதில் இல்லாவிட்டால் மனம் கோணாமல் திரும்பிவிட வேண்டும். கதவைத் தட்டி நச்சரிக்கக் கூடாது. கப்பலுக்குப் புறப்பட்ட அன்று அமீர் வாசலில் நின்று மூன்று முறை சலாம் சொன்னான். நான் கதவுக்குப் பின்னால் முந்தானையைக் கடித்துக்கொண்டு நின்றேன். நாலாவது தடவை சொன்னால் பதில் சொல்லிவிடலாம் என்றிருந்தேன். அவன் நாலாவது தடவை சொல்லவில்லை. அன்று என்னைத் தடுத்தது திமிர்தான், அதற்கு வேறு பேர் வைக்க எனக்கு மனசில்லை.

அதற்கப்புறம் அவன் எனக்கு எழுதவில்லை. நானும் எழுதவில்லை. ஐம்பத்தாறாம் வருஷம் தை மாதம், இனி காத்திருக்க என்னால் ஆகாது என்று தோன்றிவிட்டது. கணவரிடம் தலைவலி என்று அழுதேன்.

என் கணவர் அப்துல் கையூமுக்குக் கடைத்தெருவில் கண்ணாடிக் கடை. படங்களுக்குச் சட்டம் போட்டுத் தருவார். நான் அழுததைப் பார்த்து இரண்டு நாள் யோசித்தார். மதராஸில் ரேடியோ நிலையத்து அறைகளுக்கு இரட்டைக் கண்ணாடி போட்டிருப்பதாக யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள். வீட்டுக்காரர் பழைய ஜன்னலில் ஆணி கூட அடிக்க விடமாட்டார். அதனால் அதைத் தொடாமல், உள்பக்கம் நாலு விரற்கடை தள்ளி இன்னொரு ஜன்னல் வைப்பதென்று முடிவாயிற்று.

செய்யூரிலிருந்து தச்சர் தேவசகாயம் வந்தார். பழைய கம்பளியைக் கீற்றாக வெட்டி, புதுச் சட்டத்தின் விளிம்பு முழுக்க ஒட்டினார்.

"இன்னாத்துக்கு பாய் இவ்ளோ மொத்தக் கண்ணாடி? வெளியில கீறதே போதாதா?" என்றார்.

"ரெண்டும் ஒரே மொத்தமா இருந்தா சத்தம் ரெண்டுலயும் பூந்து வந்துடும்பா. ஒண்ணு மெலிசு, ஒண்ணு மொத்தம். நடுவுல காத்து. அங்கதான் மாட்டிக்கும்" என்றார் என் கணவர். சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் மறக்கவில்லை. கட்டின பெண்டாட்டியின் தலைவலிக்குத் தன் தொழிலிலேயே மருந்து கண்டுபிடித்துவிட்டாராம்.

புது ஜன்னலைக் கதவுபோல் சாத்தித் தாழ் போட்டதும் செங்கல்பட்டு காணாமல் போயிற்று. இஞ்சின் புகை தெரிகிறது, ஊதல் இல்லை. குதிரை தலையை ஆட்டுகிறது, மணி இல்லை. காத்தாடி சுற்றும் ஓசை மட்டும்தான் அறைக்குள். அன்று மத்தியானம் நான் அடித்துப்போட்டாற்போல் தூங்கினேன். எழுந்ததும், தம்பியை மறக்கக் காசு கொடுத்து ஏற்பாடு செய்துகொண்டவள் நான் ஒருத்திதான் என்று வெட்கமாக இருந்தது. இருந்தாலும் தாழை எடுக்கவில்லை.

மாசி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ தொழுகைக்குப் போன என் கணவர் அப்படியே கடைக்குப் போய்விட்டார். நான் வெளிச்சத்துக்காக ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து தலையணை உறை தைத்துக்கொண்டிருந்தேன். மெல்லிய திரைதான். ஆள் அசைவது வெளியிலிருந்து தெரியும்.

எதிர்ச்சாரியில் வேர்க்கடலை வறுக்கும் எல்லம்மாள் தண்ணீர் கேட்டுப் பின்பக்கமாக வந்தாள்.

"இன்னா பாயம்மா, வந்த ஆளாண்ட ஒரு வார்த்த பேசக்கூடாதா? பாவமா இருந்துச்சு."

"யாரு வந்தாங்க?"

"ஒசரமா, செவப்பா, கையில தோல்பொட்டி. ஜன்னலாண்ட நின்னுகினு உங்காளுங்க சொல்ற மாரி சலாம் சொன்னாரு. மூணு தபா. நீ உள்ள தச்சிகினேதான் இருந்த. அந்தாளு கொஞ்ச நேரம் உன் கையவே பாத்துகினு இருந்தாரு. அப்பால என்னாண்ட வந்து, 'எங்க அக்காவுக்கு இன்னும் கோவம் தீரல'ன்னு சிரிச்சாரு. நாளிக்கு கப்பலாம். மதராஸ் வண்டிக்குப் போறேன்னாரு."

கையிலிருந்த ஊசி எங்கே விழுந்ததென்று இன்றுவரை தெரியாது. வெள்ளைத் துப்பட்டியை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு ஓடினேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தத் தெருவில் நான் தனியாக நடந்ததுகூட இல்லை, ஓடியது எங்கே!

மதராஸ் வண்டி நின்றுகொண்டிருந்தது. இஞ்சின் தண்ணீர் பிடித்து முடித்து நீராவியைச் சீறிக்கொண்டிருந்தது. எந்தப் பெட்டி என்று தெரியவில்லை. "அமீர்" என்று கூப்பிட வாயைத் திறந்தேன். வேறு என்னவோ வந்தது. "வ அலைக்குமுஸ்ஸலாம்!" அவன் சலாமுக்குச் சொல்லாத பதில், எட்டு வருஷமாகத் தொண்டையில் கிடந்தது அதுதானே, அதுதான் முதலில் வந்தது. அப்புறம் என்னால் நிறுத்த முடியவில்லை. ஒவ்வொரு ஜன்னலாகக் கத்திக்கொண்டே போனேன். யார் யாரோ எட்டிப் பார்த்தார்கள். பொடியன்கள் சிரித்தார்கள். வண்டி நகர்ந்தது. பிளாட்பாரம் முடிகிற இடம்வரை கத்தினேன். கடைசிப் பெட்டியில் நின்ற கார்டு, பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்துக் கொடியைச் சுருட்டிக்கொண்டார்.

சாயங்காலம் என் கணவர் திருப்புளியோடு ஜன்னல் முன்னால் நின்றார். "கழட்டிடறேன் ஃபக்ரு" என்றார். நான் வேண்டாமென்றேன். கண்ணாடி என்ன பாவம் செய்தது? அவன் நின்றிருந்தது ஒரு சாண் தூரத்தில். எனக்குக் காது கேட்டிருக்காது என்று அவனுக்குத் தோன்றாமல் போனதற்குக் காரணம் கண்ணாடி இல்லை, கடப்பாக்கத்தில் நான் வாயை மூடிக்கொண்டது. வேறு எந்த வீடாக இருந்தாலும் அவன் 'காது கேட்கவில்லை போலிருக்கிறது' என்று நினைத்திருப்பான். தாழை மட்டும் எடுத்து உள் ஜன்னலை விரியத் திறந்து வைத்தேன்.

இரண்டு மாதம் கழித்துப் பினாங்கு முத்திரையோடு ஒரு கடிதம் வந்தது. என் பேருக்கு முதல் கடிதம். என் கணவர்தான் படித்தார்.

"அக்கா, அன்றைக்கு வண்டியில் கரித்தூள் கண்ணில் விழுகிறதென்று ஜன்னல் பலகையை இறக்கிவிட்டு, முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு படுத்திருந்தேன். சிங்கப்பெருமாள் கோயில் தாண்டின பிறகு, எதிரில் இருந்த பெரியவர் சிரித்துக்கொண்டே யாரிடமோ சொன்னார்: 'செங்கல்பட்டில் ஒரு பாயம்மா, யாருமே சொல்லாத சலாமுக்குப் பதில் சொல்லிக்கொண்டு ஓடினாள், பாவம்.' நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். சொன்னவன் நான்தான் என்றேன். அவருக்குப் புரியவில்லை. மதராஸ் வரைக்கும் அழுதுகொண்டே போனேன். கப்பலை விட்டால் வேலை போய்விடும், அதனால் திரும்பவில்லை. மன்னித்துக்கொள். அடுத்த முறை வரும்போது மூன்றோடு நிறுத்த மாட்டேன்."

அடுத்த முறை எப்போது என்று எழுதவில்லை. மத்தியான வண்டி வந்து நிற்கும்போது இப்போதும் எனக்குத் தலை வலிக்கிறது. தைலம் தேய்த்துக்கொண்டு, ஜன்னலைப் பார்க்கத் திரும்பி உட்கார்ந்துகொள்கிறேன்.