முடுக்கில் நின்ற பெயர்

"ஏம்மா, உங்க பேரு முடுக்குல நிக்கு" என்றார் பாலசுப்பிரமணியன் அண்ணாச்சி.

விஜயஸ்ரீ போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு புடலங்காயை நறுக்கிக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை, மணி பதினொன்று. அண்ணாச்சி பத்திரம் எழுதுகிறவர். அவர் சொன்னது முதலில் அவளுக்குப் புரியவில்லை.

"எந்த முடுக்கு அண்ணாச்சி?"

"உங்க வீட்டுக்குப் பின்னால ஓடுதே, அந்த முடுக்குத்தான். நீங்க அனுப்புன தாளைத் திறந்து வச்சிருக்கேன். நடுக்கட்டுல பெரியவர் பேரு இருக்கு. அடுக்களையும் கிணறும் இருக்க பின்கட்டுல சின்னவர் பேரு இருக்கு. முன்கட்டுல ஆளே இல்ல. நீங்க மதிலுக்கு வெளியே நிக்கீங்க. முடுக்கு பஞ்சாயத்துக் காலத்துப் பொதுவழிம்மா, அதை உங்களுக்குப் பாகமா எழுதித் தர என்னால முடியாது." அவரே சிரித்துக்கொண்டார். பிறகு குரலை இறக்கி, "ரெண்டு பேரும் கீழே சம்மதம்னு போட்டிருக்காங்களே. அதான் எதுக்கும் ஒரு வார்த்தை கேட்டுக்கிடுவோம்னு" என்றார்.

கத்தியை வைத்துவிட்டு அவள் லேப்டாப்பை அடுக்களை மேடையிலேயே திறந்தாள். அண்ணாச்சி சொன்னது அப்படியே இருந்தது. நேற்று இரவு படுக்கப் போகுமுன் அவள் கண்ணாலே பார்த்து மூடிய தாள். தெருப்பக்கம் முன்கட்டில் அண்ணன் திருஞானசம்பந்தம், நடுக்கட்டில் தம்பி குமரகுருபரன், அடுக்களை, கிணறு, புறவாசலோடு பின்கட்டில் அவள். மூன்று பேருக்கும் மூன்று கட்டு. அப்பாவின் ஆண்டுத் திதியன்று இலை எடுத்த கையோடு மூன்று பேரும் உட்கார்ந்து பேசி முடித்தது. இப்போது மூன்று பெயர்களும் ஆளுக்கொரு கட்டு பின்னால் தள்ளி நின்றன. கடைசியில் நின்றவள் வீட்டைத் தாண்டிவிட்டாள்.

அந்தப் பெயர்களை அந்தப் படத்தின்மேல் நிறுத்த அவள் பட்ட பாட்டைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். சர்வேயர் அளந்து போட்ட பிளானை அண்ணாச்சி போட்டோ எடுத்து அனுப்பி, "அவங்கவங்க பாகத்துல அவங்கவங்க பேரைப் போட்டு, மூணு பேரும் ஒரே தாள்ல சம்மதம் சொல்லிருங்க, அதைப் பாத்து நான் எழுதிருதேன்" என்று சொல்லியிருந்தார். அண்ணன் சென்னையில், தம்பி கோயம்புத்தூரில். மூன்று பேரும் இருந்த இடத்திலிருந்தே திறந்து எழுதுகிற மாதிரி இணையத்தில் தாள் இருக்கிறதே, அதில் செய்வோம் என்று சொன்னது விஜயஸ்ரீதான். பாலிடெக்னிக் ஆபீஸில் இருபத்தாறு வருஷம் குப்பை கொட்டியவள். கடிதம், பட்டியல், சுற்றறிக்கை எல்லாம் கை பழகியவை. படத்தின்மேல் எழுத்து வைக்கும் வேலை மட்டும் அதுவரை வந்ததில்லை. பெயரை அடித்தால் அது படத்துக்கு அடியில் போய் உட்கார்ந்தது. ஒரு பொத்தானை மாற்றினால் எழுத்து படத்துக்கு இரண்டு பக்கமும் பிய்ந்து நின்றது. இன்னொன்றை அழுத்தினால் படம் எழுத்தின்மேல் ஏறிப் படுத்துக்கொண்டு, மூன்று பேரையும் மூடிவிட்டது. படத்தைப் பிடித்து நகர்த்தினால் அது அடுத்த பக்கத்துக்கு ஓடியது. "சனியனே, நில்லு" என்று அவள் வாய்விட்டுச் சொன்னதுகூட உண்டு. கடைசியில் படத்தை எழுத்துக்குப் பின்னால் வைக்கும் ஒரு வழி தென்பட்டது. படம் கோலத்தரை மாதிரி அடியில் கிடக்க, மேலே எழுதலாம். எண்டரை ஏழு தடவை தட்டினால் முன்கட்டு, பதினொன்று என்றால் நடுக்கட்டு, பதினைந்தில் பின்கட்டு. இடைவெளிப் பொத்தானைத் தட்டித் தட்டிப் பெயர்களை அறைக்குள் தள்ளினாள். பார்க்க அச்சாக இருந்தது. அவற்றை வீட்டோடு கட்டிப்போட எதுவும் இல்லை என்று அவளுக்குத் தோன்றவில்லை.

தாளின் உச்சியைப் பார்த்ததும் காரணம் தெரிந்தது. அங்கே புதிதாக நான்கு வரி. முதல் வரியில் ஒரு உ. அடுத்து சிவமயம். அதற்கடுத்து திருச்சிற்றம்பலம். பிறகு மரியாதைக்கு ஒரு வெற்று வரி.

அண்ணனைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, தாள்ல மேல என்னமும் எழுதுனீங்களா?"

"எழுதாம? பிள்ளையார் சுழி இல்லாம ஒரு கடுதாசியை நம்ம வீட்டுல யாராவது அனுப்புவாளாட்டி? சொத்து விஷயம் வேற. மொட்டையா அனுப்பியிருக்க. நான்தான் சரிபண்ணி சம்மதம் போட்டேன்."

"நீங்க சரிபண்ணுனதுல வீட்டுல உள்ளவங்க எல்லாரும் நாலு வரி கீழ இறங்கிட்டோம். படம் அங்கனயே நிக்கு, பேரு மட்டும் நகந்துட்டு."

"நான் மேலதானட்டி எழுதுனேன். கீழ கையே வைக்கலயே."

"சரிண்ணே. சம்மதம் போடும்போது எம்பேரு எங்கன இருந்துச்சு?"

அண்ணன் கனைத்தார். "உள்ளதான் இருந்திருக்கும்."

"பாத்தீங்களா?"

"நீ போட்டது தப்பா இருக்கும்னு நான் எதுக்குப் பாக்கப் போறேன்? எந்தக் காலத்துல நீ தப்பாச் செஞ்சிருக்க?" என்றார் அவர். பாராட்டுவதாகத்தான் நினைத்திருப்பார். புதன்கிழமை பதிவுக்கு டோக்கன் போட்டாயிற்று, செவ்வாய் ரயிலுக்கு டிக்கெட் எடுத்தாயிற்று, இந்த நேரத்தில் குழப்பாதே என்று சொல்லி வைத்துவிட்டார்.

தம்பி முதல் மணியிலேயே எடுத்தான்.

"அக்கா, நானே கூப்பிடணும்னு இருந்தேன். ரொம்ப சந்தோஷம்க்கா. வீட்டுல சித்ரலேகாவும் சொல்லுதா, மைனி மனசு யாருக்கு வரும்னு."

"எதுக்குலே சந்தோஷம்?"

"பின்கட்டை எனக்கு விட்டுக் குடுத்திருக்கியேன்னுதான். நாங்க வந்து எறங்குனா தனி வாசல், கிணறு, யாருக்கும் தொந்தரவில்ல. நடுக்கட்டுன்னா ரெண்டு பக்கமும் ஆளு. அவ அன்னைக்கே மொணங்குனா, நான்தான் அடக்கி வச்சிருந்தேன். இப்ப நீயா மாத்திப் போட்டுட்ட."

"நான் மாத்தலலே. அண்ணன் உச்சியில சுழி போட்டாரு, பேரெல்லாம் சரிஞ்சிட்டு."

அவனுக்குப் பின்னால் டிவியில் யாரோ கைதட்டினார்கள்.

"எனக்கு எப்படிக்கா தெரியும்? எம்பேரு அடுக்களையில இருந்துச்சு, சம்மதம் போட்டேன். எழுத்துல இருக்குல்லா."

"அப்ப எம்பேரு எங்கன இருந்துச்சு குமரா?"

"கவனிக்கலக்கா."

அவள் கோபப்பட்டிருக்கலாம். ஏலே, மூன்று பேரில் ஒருத்தி வீட்டுக்கு வெளியே நிற்கிறாள், உன் கண்ணில் படவில்லையா என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவன் பொய் சொல்லவில்லை என்று தெரிந்ததால் கேட்க முடியவில்லை. அண்ணன் உச்சியைப் பார்த்தார். தம்பி தன் பெயரைப் பார்த்தான். பதினோரு வருஷம் அம்மாவையும் பிறகு அப்பாவையும் எடுத்துப் போட்டுப் பார்த்தவளின் பெயர் எங்கே நிற்கிறது என்று பார்த்தவர், வீட்டுக்குச் சம்பந்தமே இல்லாத பாலசுப்பிரமணியன் அண்ணாச்சி ஒருவர்தான். அதுவும் பத்திரத்தில் வில்லங்கம் வந்துவிடக் கூடாதே என்று.

"அது தப்பு, நான் சரிபண்ணி அனுப்புதேன், திரும்பப் போடு" என்றாள்.

"சித்ரலேகாகிட்ட சொல்லிட்டேனேக்கா" என்றான். அது பதில் இல்லை என்று அவனுக்கே தெரிந்திருக்க வேண்டும். "பாக்கேன்" என்று சேர்த்துக்கொண்டான்.

புடலங்காய் பாதி நறுக்கியபடியே கிடந்தது. அவள் நான்கு வரியை அழித்தாள், பெயர்கள் சரியாக வந்தன. திரும்ப அண்ணன் திறப்பார், சுழி இல்லையே என்று போடுவார், அவள் திரும்ப முடுக்குக்குப் போவாள். ஆபீஸில் பக்கத்து நாற்காலி அர்ஷியாவைக் கூப்பிட்டாள். மேலப்பாளையத்துக்காரி, இந்த மாதிரிச் சமாசாரங்களில் கைகாரி.

"யா அல்லாஹ்! எண்டர் தட்டித் தட்டியா பேரை எறக்குனீங்க? விஜயாக்கா, அது பேரை வைக்கது இல்ல, பேரை உருட்டி விடுதது."

"பேசாத. வழி சொல்லு."

"படம் வரையதுக்குன்னு உள்ள ஒரு கட்டம் இருக்கு பாருங்க, அதைத் திறங்க. அதுக்குள்ள பிளானைப் போடுங்க. அதுக்கு மேல எழுத்துப் பெட்டி போட்டு எழுதுங்க. சேமிச்சு மூடுனா படமும் எழுத்தும் ஒண்ணாயிரும். அப்புறம் உங்க அண்ணன் தேவாரம் முழுக்க அடிச்சாலும் உங்களை அசைக்க முடியாது."

செய்தாள். முதல் முறை பெட்டிக்குள் எழுத்து ஒடிந்து விழுந்தது. இரண்டாம் முறை பிளான் தலைகுப்புறப் போனது. மூன்றாம் முறை மூடும்போது சேமிக்க மறந்து எல்லாம் போயிற்று. மேடையில் ஓங்கி ஒரு அடி போட்டாள், டம்ளர் உருண்டது. "பைய, பைய" என்று போனுக்குள் அர்ஷியா சொல்லிக்கொண்டே இருந்தாள். நான்காம் முறை நின்றது. முன்கட்டில் திருஞானசம்பந்தம். நடுக்கட்டில் குமரகுருபரன். பின்கட்டில், அடுக்களையிலிருந்து கிணற்றடி தாண்டிப் புறவாசல் வரை, விஜயஸ்ரீ. தாளைத் தன் வீட்டிலிருந்தே திறந்து பார்த்துக்கொண்டிருந்த அர்ஷியா, "ஏங்க்கா, உங்க பேரு மட்டும் இவ்வளவு பெருசா இருக்கு?" என்றாள்.

"பின்ன? கண்ணுல படணும்லா."

அர்ஷியா சிரிக்க ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

பழைய சம்மதம் இரண்டையும் விஜயஸ்ரீ அழித்தாள். கீழே, "மேற்கண்ட பிளானில் உள்ளபடி" என்று ஒரு வரி சேர்த்து, தன் சம்மதத்தை முதலில் போட்டாள். இருவருக்கும் செய்தி அனுப்பினாள். அஞ்சு மணிக்குள் வராவிட்டால் திங்கள்கிழமைக்குள் எழுதி முடிக்க முடியாது, புதன் டோக்கன் போய்விடும் என்று அண்ணாச்சி இரண்டு முறை நினைவூட்டினார்.

மூன்று மணிக்கு அண்ணன் வந்தார். தாளில் யார் வந்தாலும் அவர் பெயர் போட்ட சின்னக் கொடியோடு ஒரு கோடு மினுங்கும். அது நேராக உச்சிக்குப் போயிற்று. உ விழுந்தது. சிவமயம் விழுந்தது. திருச்சிற்றம்பலம் எழுத்தெழுத்தாக விழுந்தது. அவர் ஒரு விரலால்தான் அடிப்பார். பிறகு வெற்று வரி. விஜயஸ்ரீ படத்தையே பார்த்தாள். வீடு மொத்தமும் நான்கு வரி கீழே இறங்கியது. மூன்று பெயரும் வீட்டுக்குள்ளேயே இருந்தபடி சேர்ந்து இறங்கின. அண்ணன் கீழே வந்து சம்மதம் போட்டார். போகுமுன் அவருடைய கோடு படத்தருகே கொஞ்ச நேரம் நின்றது. இந்தத் தடவை பார்த்திருப்பார் போலிருந்தது.

நாலரை மணி வரை தம்பி வரவில்லை. அவள் போன் செய்யவில்லை. கூட்டு வைத்து இறக்கி, சாப்பிடாமல் மூடி வைத்தாள். நாலு நாற்பதுக்குக் குமரகுருபரன் என்று பச்சைக் கொடி ஒன்று தாளில் எழும்பியது. சம்மதத்துக்கு விட்டிருந்த இடத்துக்குப் போனது. ஒரு ச விழுந்தது. அழிந்தது. பிறகு கோடு அங்கிருந்து கிளம்பி, வரிவரியாக மேலே ஏறி, படத்தின் ஓரத்துக்கு வந்தது. எழுத்தின் பக்கத்தில் எழுத்தளவே இருந்த கோடு, படத்தின் பக்கத்தில் வந்ததும் படத்தின் உயரத்துக்கு நீண்டுவிட்டது. படத்தை இரண்டு தட்டுத் தட்டினால் கட்டம் திறந்துகொள்ளும், பெயரை எங்கே வேண்டுமானாலும் நகர்த்தலாம் என்று அர்ஷியா போகிறபோக்கில் சொல்லியிருந்தாள். அது அவனுக்குத் தெரியுமா என்று விஜயஸ்ரீக்குத் தெரியாது.

போன் அடித்தது. அண்ணாச்சி. அவள் எடுக்கவில்லை, கண்ணையும் எடுக்கவில்லை. தெருவிலிருந்து முடுக்கு வரை, வீட்டின் முழு நீளத்துக்கும் ஒற்றைப் பச்சைக் கோடு மறைவதும் தெரிவதுமாக நின்றுகொண்டிருந்தது.