இடப்பக்கத்துப் படம்

குதிரை லாயம் இருந்த நிலத்தை அதன் உரிமையாளர் திரும்பக் கேட்டுவிட்டார். மற்ற குதிரைகளைச் சவாரி பழக வந்தவர்களே வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். எஞ்சி நின்றது சீமாட்டி மட்டும். செம்பழுப்பு நிறம், நிமிர்ந்த கழுத்து, பேருக்கேற்ற நடை. ஆனால் இடக்கண்ணில் பார்வை இல்லை. மாதம் முடிவதற்குள் யாரும் வராவிட்டால் குதிரைத் தரகரிடம்தான் ஒப்படைக்க வேண்டும். தரகர் எந்தக் குதிரையையும் வேண்டாம் என்றதில்லை. எங்கே கொண்டுபோகிறார் என்று சொன்னதும் இல்லை. அவரிடம் விடக்கூடாது என்று லாயக்காரி தானே ஆள் தேடினாள்.

சேணங்கள் தொங்கிய அறையில், அவளுடைய தம்பி தீவன மூட்டையின்மேல் மடிக்கணினியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"பழைய சாமான் விக்கிற தளத்துல போட்டாச்சுக்கா. ஊர் உலகமே பாக்குற இடம்."

"அங்க குதிரைக்குன்னு எடம் இருக்கா?"

"தனியா இல்ல. வாகனங்கள்ல போட்டேன்."

அவள் பிடரி வாரும் சீப்பைக் கீழே வைத்துவிட்டு அவனைப் பார்த்தாள். மாலைக்குள் பதில்கள் வந்து குவிந்தன. எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று ஒருவர் கேட்டிருந்தார். பைக்கைக் கொடுத்துவிட்டு மாற்றிக்கொள்ளலாமா என்றார் மற்றொருவர்.

"எடுத்துடு."

"பெரிய சந்தைக்கா அது."

"பெரிசா இருந்து என்னடா? கட்டில் வாங்க வந்தவன்கிட்ட கன்னுக்குட்டிய விக்க முடியுமா?"

அடுத்துக் குதிரைகளுக்கென்றே இருந்த ஆடம்பரமான தளம். தம்பி பிடரியை வாரிவிட்டு, சீமாட்டியின் வலப்பக்கம் தெரியும்படி படம் எடுத்தான். 'குறைகள்' என்று கேட்டிருந்த கட்டத்தை நிரப்பவில்லை. "ஆள் வரட்டும்க்கா. நேர்ல பாத்தா பிடிச்சுடும்." தரகரின் முகம் கண்முன் நின்றதால் அவளும் அதற்கு ஒப்புக்கொண்டாள்.

ஆள் வந்தார். முழங்கால் வரை பளபளத்த காலணி. சீமாட்டியின் தாய் தந்தை வழியை விசாரித்தபடியே இடப்பக்கம் சென்று, சத்தம் காட்டாமல் விலாவில் கை வைத்தார். சீமாட்டி வெருண்டு துள்ளியதில் தண்ணீர் வாளி உருண்டது, காலணி நனைந்தது. அவர் குனிந்து கண்ணைப் பார்த்தார்.

"பாதிக் குதிரையைத்தான் படம் போட்டிருக்கீங்க" என்றார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவளால் தாங்கிக்கொள்ள முடிந்திருக்கும்.

கார் போனதும் வாளியை நிமிர்த்தி வைத்தாள். "முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைச்சோம்டா. வேற எடம் எது இருக்கு?"

"வயசான, நோய்ப்பட்ட குதிரைங்கள வச்சிருக்கிறவங்க பேசிக்கிற குழு ஒண்ணு இருக்கு. ரொம்பச் சின்னது. அங்க வாங்குறவன் கிடைக்கிறது குதிரைக்கொம்பு."

எதையும் போடச் சொல்லாமல் அவள் முதலில் படித்தாள். பல் விழுந்த குதிரைக்குத் தீவனத்தை எவ்வளவு நேரம் ஊறவைப்பது என்று ஒருவர் கேட்க, ஐந்தாறு பேர் தங்களுக்குள் வாதாடிக்கொண்டிருந்தார்கள். விலையைப் பற்றிப் பேச்சே இல்லை.

"இவங்களுக்குக் கேள்வி கேக்கத் தெரியுது. இங்க போடு. இடப்பக்கத்துப் படம்."

"அக்கா, கண்ணு வெள்ளையா தெரியும்."

"தெரியட்டும்."

அவள் சொல்லச் சொல்ல அவன் எழுதினான்: 'இடக்கண்ணில் பார்வை இல்லை. அந்தப் பக்கம் வருமுன் குரல் கொடுக்க வேண்டும். குழந்தைகளிடம் பொறுமை அதிகம். தனியாக நிற்கப் பிடிக்காது.'

சில நாள்கள் ஒரு சத்தமும் இல்லை. தம்பி கிணற்றில் போட்ட கல் என்று கேலி செய்தான். பிறகு ஒரு காலையில் ஒரே ஒரு கேள்வி வந்தது: 'குரல் கொடுக்கணும்னா, பேர் சொல்லணுமா? சும்மா பேசினாலே போதுமா?'

லாயக்காரி அதை வாய்விட்டுப் படித்தாள், மறுபடியும் படித்தாள். இத்தனை பேரில் சீமாட்டிக்கு என்ன வேண்டும் என்று கேட்டவர் இவர் ஒருவர்தான்.

கேட்டவள் பேருந்து ஓட்டுபவள். தன் கிழட்டுக் குதிரை, துணை செத்ததிலிருந்து வேலியோரமே நிற்கிறது என்றாள். வேலை முடிந்து, குதிரை ஏற்றும் வாடகை வண்டியோடு, சீருடையிலேயே வந்தவள் வாசலிலிருந்தே பேசத் தொடங்கினாள்.

"சீமாட்டி, நான்தான்மா. இடப்பக்கமா வரேன். இதோ வந்துட்டேன்."

சீமாட்டியின் காது திரும்பியது, கால்கள் அசையவில்லை. கழுத்தில் கை பட்டதும் பெருமூச்சு ஒன்று வந்தது.

"இந்த மாதிரிக் குதிரையோட முன்னாடியே பழக்கமா?" என்றாள் லாயக்காரி.

"அதெல்லாம் இல்லக்கா! என் பஸ்ஸுக்கும் கண்ணாடியில தெரியாத எடம் ஒண்ணு இருக்கு. அந்தப் பக்கம் வர்றவன் ஒரு குரல் குடுத்தா போதும்."

தம்பி தொண்டையைச் செருமினான். "அப்ப நான் வாகனங்கள்ல போட்டது..."

"வாய மூடு. தரகருக்குப் போன் போட்டு, வர வேணாம்னு சொல்லு."

லாயக்காரி கயிற்றைப் புதியவளின் கையில் கொடுத்துவிட்டு விலகி நின்றாள். சீமாட்டி ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. இடப்பக்கம் ஓயாமல் பேசிக்கொண்டே வந்த குரலைக் கேட்டபடி, நிதானமாக வண்டியில் ஏறியது.