இரண்டு கைகளும்

எனக்குப் பொறுமை கிடையாது. ஊரே சொல்லும், சொல்லிவிட்டுப் போகட்டும். ஆனால் என் மகள் சுசித்ராவுக்குச் சோறூட்டுவதில் மட்டும் என்னைப் போல் பொறுமைசாலி யாருமில்லை என்று நினைத்திருந்தேன்.

அவளுக்கு ஒன்பது வயது. பிறந்ததிலிருந்தே காது கேட்காது. தர்மபுரிப் பக்கம் ஒரு விடுதிப் பள்ளியில் படிக்கிறாள். முழுப்பரீட்சை லீவுக்கு அழைத்துவரப் போனபோது சுகுணா டீச்சர் எடைச் சீட்டைக் காட்டினார். பதினெட்டு கிலோ. ரத்தமும் குறைவு.

"வூட்ல நல்லா குடுங்கம்மா. ராகி, முட்டை, கீரை. ஜூன்ல வரப்ப ஏறியிருக்கணும்."

ஏற்றிக் காட்டுகிறேன் என்று மாரண்டஹள்ளி பஸ்ஸில் வரும்போதே முடிவு கட்டிவிட்டேன். காலையில் கூழ், மத்தியானம் களியும் கீரையும், தினம் இரண்டு முட்டை. முதல் வாரம் சமர்த்தாகத் தின்றாள். பிறகு ஒரு நாள் தட்டைத் தள்ளினாள். கையை ஆட்டி ஆட்டி என்னவோ சொன்னாள். பள்ளியில் அவள் கற்ற சைகையில் பாதி எனக்குப் புரியாது. தக்காளி பறிப்பு நேரம் வேறு. உட்கார்ந்து கேட்க எனக்கேது பொழுது?

"என்னமோ சொல்றா பாரு" என்றார் என் வீட்டுக்காரர் மாதையன்.

"எல்லாம் சாக்கு. நீங்க சும்மா இருங்க."

அவளுடைய இரண்டு கைகளையும் சேர்த்து என் இடது கையில் இறுக்கிப் பிடித்தேன். வலது கையால் ஊட்டினேன். இரண்டு நாள் இப்படித்தான் ஊட்டினேன். கை அடங்கியதும் அவளும் அடங்கிவிட்டாள். கண்ணீர் மட்டும் வழிந்தது. வீம்பு என்று நினைத்தேன், பாவி.

மூன்றாம் நாள் காய்ச்சலும் வாந்தியுமாகச் சுருண்டாள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். குடல்வால் வெடித்திருக்கிறது என்று உடனே ஆபரேஷன் செய்தார்கள்.

"ரெண்டு மூணு நாளா வலிச்சிருக்குமே, பொண்ணு ஒண்ணும் சொல்லலையா?" என்று டாக்டர் கேட்டார்.

"அவளுக்குப் பேச வராதுங்க" என்றேன்.

பொய். அவள் சொன்னாள். சொல்கிற வாயை நான்தான் பிடித்து வைத்திருந்தேன்.

பிழைத்துக்கொண்டாள். ஆறாம் நாள் கஞ்சி கொடுக்கலாம் என்றார் நர்ஸ். டம்ளரும் ஸ்பூனுமாகக் கட்டிலோரம் உட்கார்ந்தேன். சுசித்ரா டம்ளரைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். பிறகு இரண்டு கைகளையும் ஒன்றாகச் சேர்த்து, பிடித்துக்கொள்ளச் சொல்லி, என்னிடம் நீட்டினாள்.