கோல் மூன்றாவது வரிசையில் இருக்கிறது

மச்சினன் கூப்பிட்டான் என்று போனேன். அதுதான் நான் செய்த தப்பு. என் மனைவியின் தம்பி, தத்துவப் பேராசிரியர். உடம்பைப் பற்றிப் பிரெஞ்சுக்காரர்கள் எழுதியதையெல்லாம் கரைத்துக் குடித்தவன். சோடாபுட்டிக் கண்ணாடி. "அதைக் கழட்டினா என் தம்பிக்கு நானும் பீரோவும் ஒண்ணு" என்பாள் என் மனைவி.

"கருத்தரங்குக்கு வாங்க அத்தான். நீங்க ஒண்ணும் பேச வேண்டாம், வந்து உக்காந்தா போதும்" என்றான். ஒரு வக்கீலிடம் பேச வேண்டாம் என்று சொன்னபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

எனக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. கூடத்துக்குள் நுழைந்ததும் வழக்கம்போல் கோலால் தட்டித் தட்டி இடத்தைப் பிடித்துக்கொண்டேன். வழவழப்பான தரை, மேடைக்கு ஏறும் தாழ்வான படி, வெளியே தாழ்வாரத்தின் கோடியில் கழிப்பறை. சர்க்கரை வியாதிக்காரன் நான். எங்கே போனாலும் முதலில் விசாரிப்பது அதைத்தான்.

என்னை மேடையில் தன் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு மச்சினன் நன்றாகவே பேசினான். இல்லை என்று சொன்னால் என் வாய் வெந்துபோகும். உடம்பு நாம் சட்டையைப்போல வைத்திருக்கிற பொருள் இல்லை, உடம்புதான் நாம், அதன் வழியாகத்தான் உலகமே நமக்குக் கிடைக்கிறது என்றான். பார்வையில்லாதவருக்குப் பழகிப்போன கோல் ஒரு பொருளே இல்லை, அவருடைய விரல் அதன் நுனிவரைக்கும் நீண்டுவிடுகிறது என்றான். சத்தியமான பேச்சு. நடக்கும்போது என் உள்ளங்கையில் கோல் இருப்பதே எனக்குத் தெரியாது, நுனியில் இருக்கிற ரோடுதான் தெரியும். தலையாட்டிக்கொண்டே கேட்டேன்.

அப்போதுதான் என் கையிலிருந்து கோலை உருவினான். ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"இதோ, இதுதான் அந்தக் கோல்! கைக்குக் கை குடுங்க. எல்லாரும் தொட்டுப் பாருங்க."

கோல் மேடையை விட்டு இறங்கிப் போனது. யாரோ தரையைத் தட்டிப் பார்த்தார்கள், பக்கத்தில் இருந்தவர்கள் கிளுகிளு என்று சிரித்தார்கள். எனக்கு அந்தக் கூடமே இல்லாமல் போயிற்று. படி எந்தப் பக்கம், கதவு எந்தப் பக்கம், ஒன்றும் பிடிபடவில்லை. மிச்சம் இருந்தது நான் உட்கார்ந்திருந்த நாற்காலி மட்டும்தான். இதில் அடிவயிறு வேறு முட்ட ஆரம்பித்தது.

"மாப்ள, கோலைக் குடு. பாத்ரூம் போகணும்" என்றேன் மெதுவாக.

"ஒரு நிமிஷம் அத்தான். மூணாவது வரிசையில இருக்கு."

பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தேன். மறுபடி கேட்டேன்.

"யாராச்சும் சாரை பாத்ரூமுக்குக் கூட்டிட்டுப் போங்களேன்" என்றான், மைக்கிலேயே! மானம் போயிற்று. யாரோ வந்து, மூட்டையைத் தூக்குவதுபோல என் முழங்கையைப் பிடித்துத் தூக்கினார்கள். உதறிவிட்டேன்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. இத்தனை படித்தவர்கள் கூடியிருக்கிறார்கள், ஒருத்தருக்காவது தோன்ற வேண்டாமா? விரல் என்று சொன்ன வாயை மூடுவதற்குள் அந்த விரலைப் பிடுங்கிச் சுற்றுக்கு விட்டிருக்கிறார்கள். கேட்டவர்கள் குறிப்பெடுத்துக்கொண்டு இருக்கிறார்கள்!

"மாப்ள, நானும் ஒரு உதாரணம் சொல்றேன். உன் கண்ணாடியைக் கழட்டிக் குடு."

"அடடா, குடுங்க அத்தானுக்கு மைக்கை!" என்று குஷியாகிக் கண்ணாடியைக் கழற்றி என் கையில் வைத்தான். என் முழங்கையைப் பிடித்தவர் இன்னும் பக்கத்திலேயே நின்றிருந்தார். அவரிடம் நீட்டினேன்.

"இந்தாங்க, கீழ குடுங்க. கைக்குக் கை குடுங்க. எல்லாரும் தொட்டுப் பாருங்க."

முதலில் கூடம் சிரித்தது. மச்சினனும் சிரித்தான். பிறகு எதற்கோ நகர்ந்தவன் மேசையில் இடித்துக்கொண்டான், கண்ணாடி டம்ளர் விழுந்து உடைந்தது. சிரிப்பு நின்றுவிட்டது.

"அத்தான், விளையாடாதீங்க. எனக்கு ஒண்ணுமே தெரியல. கீழ கண்ணாடிச் சில்லு வேற."

"ஒரு நிமிஷம் மாப்ள" என்றேன். "மூணாவது வரிசை வரைக்கும் போகட்டும்."

யாரோ ஓடிவந்து என் கோலை என் கையில் வைத்தார்கள். கைப்பிடி பல பேருடைய வியர்வையில் பிசுபிசுத்தது. சட்டையில் அழுத்தித் துடைத்தேன். நுனியால் தட்டினேன். சில்லு கிடந்த இடம், அதைத் தாண்டிப் படி, அதைத் தாண்டிக் கதவு, ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன.

"அத்தான், என் கண்ணாடி?" என்றான் பின்னாலிருந்து.

நான் வாங்கித் தரவில்லை. எனக்கு பாத்ரூம் போக வேண்டியிருந்தது.