முக்கால் விரல்

எங்கள் பொதுப் பட்டறையில் இதுவரை யாருக்கும் விரல் போனதில்லை. காரணம், என் அண்ணனுக்கு ஒரு விரலில் நுனி இல்லை.

சொந்தமாக மெஷின் வாங்க வக்கில்லாத நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து நடத்தும் பட்டறை அது. நடுவில் கட்டில் அகலத்துக்கு ஒரு சி.என்.சி. ரூட்டர். படத்தைக் கம்ப்யூட்டரில் கொடுத்துவிட்டால், மேலே தொங்கும் 'பிட்' என்கிற வெட்டுமுனை கிறுகிறுவென்று சுற்றிக்கொண்டே தானாக நகர்ந்து மரத்தை வெட்டும். மரம் எது, கை எது என்று அதற்குத் தெரியாது. அதைக் கட்டி மேய்க்கும் பொறுப்பு அண்ணனுக்கு. மெஷின் ஓடாத நேரமெல்லாம் அதன் சாவி அவன் கழுத்தில்தான் தொங்கும்.

புதிதாக யார் சேர்ந்தாலும் அண்ணன் ஆரம்பித்துவிடுவான். பலகையைக் கிளாம்ப் போட்டு இறுக்கு, கண்ணாடி போடு, கையுறை போடாதே, ஓடும்போது கையை நீட்டாதே, ஓடவிட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதே. கேட்பவருக்குக் கொட்டாவி வரும். உடனே அண்ணன் இடது கை ஆள்காட்டி விரலைத் தூக்கிக் காட்டுவான். கொட்டாவி பாதியில் நின்றுவிடும். "மெஷினா அண்ணே?" என்று கேட்டால், மெஷினைப் பார்த்து ஒரு பெருமூச்சு. அவ்வளவுதான். வாயைத் திறந்து ஒரு பொய் சொல்ல மாட்டான், பாவி.

அது பத்து வயதில் எங்கள் வீட்டு மடக்கு நாற்காலியை ஒரே உதையில் மடக்கிக் காட்டுகிறேன் பேர்வழி என்று இழந்த நுனி. எனக்கென்ன வந்தது என்று நானும் பேசாமல்தான் இருந்தேன்.

அன்றைக்கு என் முறை. பெயர்ப்பலகை செய்வது என் பிழைப்பு. ஒரு மருந்துக் கடைக்கு அவசரமாகப் பலகை வேண்டும். எல்லாவற்றையும் மாட்டி முடித்து நிற்கிறேன், அண்ணன் வந்து சாவியை உருவிக்கொண்டான்.

"துப்பட்டாவைக் கழட்டி வெச்சிட்டு வா. முடியைக் கட்டு."

"அதான் ஊக்கு குத்தியிருக்கேன்ல?"

"ஊக்கா? மாட்டுச்சுன்னா ஊக்கோட சேர்த்து உன்னையும் சுருட்டிக்கும். போ."

அத்தனை பேர் முன்னால் பள்ளிக்கூடப் பிள்ளையை விரட்டுவது போல விரட்டினால்? போதாக்குறைக்கு, என்னிடமே அந்த விரலைத் தூக்கிக் காட்டினான். எனக்கு வந்ததே கோபம்!

"யார்கிட்ட காட்டுற? மடக்கு நாற்காலில மாட்டிக்கிட்டு வீட்டையே ரெண்டாக்கி அழுத விரல்தானே அது!"

பட்டறையே சிரித்தது. அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. பாவமாகத்தான் இருந்தது. ஆனால் கொட்டியதை அள்ள முடியுமா?

மறுநாளே மரியாதை காற்றில் பறந்தது. "அண்ணே, பார்த்து உட்காருங்க" என்று அவனுக்கு நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். கண்ணாடிகள் ஆணியிலேயே தொங்கின. கட்டில் செய்பவர் மெஷினை ஓடவிட்டுவிட்டு டீக்கடையில் அரசியல் பேசினார். அண்ணன் தொண்டை கிழியக் கத்தினான். விரலைத் தூக்கினால் இன்னும் சிரிப்பு. இப்படியே போனால் யாருக்காவது நிஜமாகவே விரல் போய்விடும் என்று எனக்குக் கிலி பிடித்துக்கொண்டது.

போகத்தான் பார்த்தது. பொம்மைக்காரர் மர யானை வெட்டிக்கொண்டிருந்தார். தும்பிக்கை ஓரம் தூள் அடைத்துக்கொண்டதாம். பிட் சுற்றிக்கொண்டிருக்கும்போதே, தொளதொள கையுறை மாட்டிய கையை நீட்டித் தட்டிவிடப் போனார்.

"ஐயையோ, கையை எடுங்க!" பாய்ந்து போய்ச் சிவப்புப் பட்டனை அறைந்தேன்.

மெஷின் நின்றது. கையுறையின் ஒரு விரல் பிட்டில் நார் நாராகச் சுற்றிக் கிடந்தது. பொம்மைக்காரர் கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"நீங்களே எண்ணிச் சொல்லிடுங்கம்மா. எனக்குத் தைரியம் இல்ல."

எண்ணினேன். ஐந்தும் முழுசாக இருந்தன. என் வாய்க்கொழுப்பால் ஒரு மனுஷனுக்குக் கை போகப் பார்த்ததே!

சத்தம் கேட்டு ஓடி வந்த அண்ணன் திட்டவில்லை. மெஷினிலிருந்து சாவியை உருவி மேஜைமேல் வைத்தான்.

"இனிமே வேற யாராவது பார்த்துக்கங்க. என் பேச்சு இங்க எடுபடல. நாளைக்கு ஒருத்தர் கையைத் துணியில சுத்திக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட என்னால முடியாது."

நான் குறுக்கே புகுந்தேன்.

"நாற்காலிக் கதை பொய்ங்க! கோபத்துல அடிச்சுவிட்டேன். மெஷின்தான் எடுத்துச்சு. நுனி பறந்து போய் அதோ, அந்த ஜன்னல்ல ஒட்டிக்கிச்சு. நான்தான் சுரண்டி எடுத்தேன்!"

ஜன்னலில் சாய்ந்திருந்த கட்டில்காரர் பதறி நகர்ந்தார். பொம்மைக்காரர் அண்ணனைப் பார்த்தார்.

"நிஜமா அண்ணே?"

வழக்கம்போல ஒரு பெருமூச்சு விட்டால் போதும். விடுடா என்று கண்ணாலேயே கெஞ்சினேன்.

"இல்லைங்க, நாற்காலிதான்" என்றான் அண்ணன்.

நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

"இத்தனை நாள் உங்களை நம்பவெச்சது தப்புதான். சாதா மடக்கு நாற்காலி. மோட்டார் கிடையாது, பிட் கிடையாது, கரண்ட்கூடக் கிடையாது. மேல உட்கார்றதுக்குன்னு செஞ்ச சாமான். அதுவே இவ்வளவு எடுத்துக்கிச்சு." விரலைத் தூக்கிக் காட்டினான். பிறகு அதே விரலால் மெஷினைக் காட்டினான். "இது நிமிஷத்துக்குப் பதினெட்டாயிரம் சுத்து."

யாரும் சிரிக்கவில்லை. பொம்மைக்காரர் இரண்டு கையுறைகளையும் கழற்றிக் குப்பையில் போட்டார். கட்டில்காரர் சாவியை இரண்டு கையாலும் எடுத்து அண்ணன் கழுத்தில் மாட்டிவிட்டார்.

அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"சரி, அடுத்து யார் முறை?"

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அடுத்தது என் முறைதான். நான் மெதுவாகக் கட்டில்காரர் முதுகுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன்.