பென்னி குடிக்காத கடல்

கல்லறைத் திருநாளன்று எல்சி வழக்கம்போல விடிந்ததும் காசிமேட்டுக் கல்லறைத் தோட்டத்துக்கு வந்து, அண்ணன் பென்னியின் கல்லறையைக் கழுவிக்கொண்டிருந்தாள். கை மட்டும்தான் அங்கே இருந்தது; மனசு முந்தாநாள் போன ஆஸ்பத்திரியிலேயே கிடந்தது.

மகள் சாரா ஃபுட்பால் ஆடுகிறவள். ரயில்வே அணித் தேர்வுக்காக எடுத்த ஸ்கேனில் இதயச் சுவர் கொஞ்சம் தடித்துத் தெரிந்தது. தினமும் ஓடுகிறவர்களுக்கு அப்படி இருப்பதும் உண்டாம். ஆனால் இதயத் தசையைச் சுருங்கி விரியவைக்கும் புரதங்களில் ஒன்று பிறவியிலேயே மாறிப்போனாலும் இப்படித்தான் தடிக்கும், அது ரத்தவழி வருவது, ஓடும்போதே ஆளைச் சாய்த்துவிடும் என்றார் டாக்டர். குடும்பத்தில் சின்ன வயதில் யாராவது திடீரென்று இறந்ததுண்டா என்றும் கேட்டார். எல்சி யோசிக்காமல் இல்லை என்றுவிட்டாள். பென்னி போனதும் சின்ன வயதில்தான், ஆனால் அவனைக் கொண்டுபோனது கடல். அது வேறு கணக்கில்லையா?

எத்திராஜ் சம்பங்கி மாலையோடு வந்தார். பென்னியின் தோஸ்து; விசைப்படகுக்காரர். மாரியம்மனைக் கும்பிடுகிறவர்தான், ஆனாலும் இந்த நாளைத் தவறவிட்டதில்லை. வந்தால் பழைய பேச்சுதான். பாறையிலிருந்து குதித்து நங்கூரம் போட்ட படகுவரை பந்தயம். தோற்றவன் பர்மாக் கடை நூடுல்ஸான அத்தோ வாங்கித்தர வேண்டும். ஜெயித்த பென்னி தலை துவட்டாமல் வீட்டுக்கு வந்து, படித்துக்கொண்டிருக்கும் எல்சியின் மேல் நாய்க்குட்டி மாதிரி ஈரத்தைச் சிலுப்புவான். இருவரும் சிரித்தார்கள்.

"முழுகிட்டான்னு ஊரே சொல்லுது தங்கச்சி. எனக்குத்தான் மனசு ஒப்பல," என்றார் எத்திராஜ்.

ஏன் என்றாள் எல்சி.

"அன்னிக்கிப் பந்தயத்துல பக்கத்துல நீந்திகினு இருந்தவன் நான். கைகால் அடிக்கல, கத்தல. ஓடுற மோட்டாரு நின்னாப்ல நின்னுட்டான். கரையில குப்புறப் போட்டு அமுக்கினேன், ஒரு சொட்டு தண்ணி வர்ல. தண்ணி குடிச்சவன எத்தினி பேர பாத்துகீறேன் நானு. உங்க நைனா அழுத அழுகையில இத எங்க சொல்றது?"

எல்சி மெழுகுவர்த்தியைக் கொளுத்தாமலே கல்லின்மேல் வைத்தாள். சாரா இந்நேரம் மைதானத்தில் ஓடிக்கொண்டிருப்பாள். எல்சி அவளுக்குப் போன் அடித்துக்கொண்டே இருந்தாள், அவள் எடுக்கவில்லை. எத்திராஜ் ஓடிப்போய் ஆட்டோவை மடக்கினார்.

மைதானத்துக் கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டு எல்சி கூப்பிட்ட குரலுக்கு சாரா நடந்துதான் வந்தாள். பாட்டில் தண்ணீரைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, அம்மாவின் மேல் வேண்டுமென்றே சிலுப்பினாள். எல்சி முகத்தைத் துடைத்துக்கொள்ளவில்லை.

"ஷூவ கழட்டு. ஆஸ்பத்திரிக்குப் போலாம்," என்றாள். "உன் மாமாவப் பத்தி டாக்டர்கிட்ட சொல்லணும்."