மீன் மார்க் பிளேட்

றீற்றா அப்பாவின் தாடையில் சவர்க்கார நுரையைத் தடவிக்கொண்டிருந்தபோது, வின்சன்ற் மாமா சட்டைப் பையிலிருந்து ஒரு கப்பல் மார்க் பிளேட்டை எடுத்து, மேசையில் கிடந்த அப்பாவின் மீன் மார்க்குக்குப் பக்கத்தில் வைத்தார்.

“இதப் போடு புள்ள. அந்த மீன் சனியன் வேணா.”

அப்பா நோபேட் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து அன்று விடியத்தான் கண்ணை மூடியிருந்தார். மூன்று நாள் தாடி. ஒரு நாளும் முகம் வழிக்காமல் வாசல் தாண்டாத மனிதர் இப்படிப் பெட்டிக்குள் போகக் கூடாது என்று அம்மா செசீலியா சொல்லிவிட்டாள். நாலு மணிக்கு அடக்கத்துக்குப் பங்குச் சுவாமி வருவார். சவரக்காரரோ கலியாண வீடென்று வெல்லாவெளிக்குப் போயிருந்தார். மாமாதான் வழிக்க வேண்டும். அம்மாவின் அண்ணன் அவர், கை நடுங்காதவர்.

“அப்பா மீன் மார்க்தானே போடுவார்,” என்றாள் றீற்றா.

“வீம்புக்குப் போட்டார். இது செத்த மனுசன்ட தோல் புள்ள. கீறினா ஆறாது.”

அவள் இன்னும் கொஞ்சம் நுரையை அள்ளித் தடவினாள்.

நோபேட் இருபது வருடம் நல்லரத்தினம் ஸ்டோர்ஸில் விற்பனையாளராக நின்றவர். கடைக்கென்று சொந்தமாக ஒரு பிளேட் இருந்தது. அதன் உறையை ஊர் அச்சுக்கூடத்தில் அடித்தார்கள். நீலக் கடுதாசியில் மஞ்சள் மீன். அந்த மஞ்சள் ஒரு நாளும் கோட்டுக்குள் நின்றதில்லை, மீன் ஒரு பக்கமும் அதன் நிறம் இன்னொரு பக்கமுமாக நீந்தும். உறை இந்த லட்சணத்தில் இருந்ததால், பிளேட்டும் இங்கே எங்கோ தகரம் வெட்டிச் செய்ததுதான் என்று மட்டக்களப்பே தீர்ப்பு எழுதிவிட்டது. “இது முகம் வழிக்கவா, செதில் எடுக்கவா?” என்று கேட்டுவிட்டு, இரண்டு மடங்கு விலைக்குக் கப்பல் மார்க்கை வாங்கிப் போவார்கள்.

நோபேட் விடமாட்டார். “ரெண்டும் ஜேர்மனி. ரெண்டும் ஒரே பக்டரி. பெட்டிய உடைக்கிறவன் நான். பேர் ஒண்டும் பொறிக்காத மொட்டைப் பிளேட்டா வருது, நாங்க இஞ்ச மீன் கடுதாசி சுத்துறம், அவ்வளவுதான்.”

கேட்டவர்கள் சிரித்தார்கள். ‘ஜேர்மன்காரர்’ என்று பட்டம் வைத்தார்கள். வைத்தவர் வின்சன்ற் மாமாதான். பள்ளிக்கூடத்தில் றீற்றா ஜேர்மன்காரர் மகள். பன்னிரண்டு வயதில் ஒருநாள், “கடையில அத மட்டும் சொல்லாதீங்க அப்பா,” என்று அழுதிருக்கிறாள். அவர் அவளுடைய தலையைத் தடவிவிட்டுப் போனார். போய், அடுத்த நாளும் அதையேதான் சொன்னார்.

அவளும் நம்பவில்லை. இப்போது நுரைக்குள் கிடந்த அந்த முகத்தைப் பார்க்க அதுதான் சுட்டது. பொய்யராகவா அவரை அனுப்பப்போகிறாள்?

“ரெண்டையும் பிரிச்சுப் பாப்பம் மாமா.”

“என்னத்துக்கு இப்ப?”

“‘பிரிச்சு வெச்சுப் பாரு மச்சான்’ எண்டு எத்தின தரம் கேட்டார்? ஒருக்காவது பாத்தீங்களா? நானும் பாக்கல்ல.”

அவளே பிரித்தாள். கப்பல் மார்க்கின் நடுவில் பெரிய கப்பல் பொறித்திருந்தது. மீன் மார்க்கில் ஒன்றும் இல்லை.

“பாத்தியா, மொட்டை,” என்றார் மாமா.

கையைத் துடைத்துக்கொண்டு யன்னலடிக்குப் போனாள். கப்பல் மார்க்கின் ஓரத்தில், கடுகளவில், ஒரு கோயில் மணி, செய்தவர்களின் முத்திரைபோல. மணிக்குக் கீழே 47 என்ற இலக்கம். மற்றதைப் பார்த்தாள். வெறுமை. புரட்டினாள்.

“மாமா!”

அவள் போட்ட சத்தத்தில் முற்றத்தில் ஒப்பாரி நின்றது. அம்மா தலைமயிர் அவிழ ஓடிவந்தாள்.

“மணி, நாப்பத்தேழு! இதுலயும் மணி, நாப்பத்தேழு! ஒரே பக்டரி அம்மா, ஒரே பக்டரி!”

மாமா வாங்கிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டு மறுகாலும் பார்த்தார்.

“இருபது வருசமா அண்ணனுக்குப் பாக்க நேரம் கிடைக்கல்ல,” என்றாள் அம்மா.

அவர் கப்பல் மார்க்கை ஒதுக்கி வைத்தார். மீன் மார்க்கைத் தன் கையாலேயே றேசரில் பூட்டினார். பிளேட் கன்னத்தில் இறங்கிய சத்தம் அறை முழுக்கக் கேட்டது. தாடை, மேலுதடு, தொண்டைக்குழி. நுரையைத் துடைத்தபோது ஒரு கீறல் இல்லை. பொடிப் பையன் முகம்போல இருந்தது. செத்த வீட்டில் சிரிக்கக் கூடாதுதான், றீற்றா சிரித்தாள். கண்ணீர் தன்பாட்டுக்கு வழிந்தது, அவள் சிரித்தாள்.

மாமா முற்றத்துக்குப் போனார். மர வாங்குகளில் உட்கார்ந்திருந்த ஆம்பிளைகள் அத்தனை பேரும் அந்தக் கடையில் சிரித்தவர்கள்.

“எழும்பி வாங்கடா. வந்து ஜேர்மன்காரரப் பாருங்க.”

வரிசையாக வந்தார்கள். முதலில் முகத்தைப் பார்த்தார்கள், பிறகு யன்னலடியில் இரண்டு பிளேட்டையும் பார்த்தார்கள். ஒருவர் தன் நாடியைத் தடவிக்கொண்டே நெடுநேரம் நின்றார்.

நாலு மணிக்குச் சுவாமி வந்தார். பெட்டி கடைத்தெரு வழியாகப் போயிற்று. நல்லரத்தினம் ஸ்டோர்ஸ் வாசலில் சனம் நிறைந்து நின்றது. முன்பக்கம் தோள் கொடுத்து நடந்த வின்சன்ற் மாமாவின் வெள்ளைச் சட்டை வேர்வையில் ஒட்டிப்போயிருந்தது. அதன் பைக்குள், எல்லாரும் பார்க்க, மஞ்சள் மீன் தெரிந்தது.